நீதிமன்றத்து ஏடு

தாமிரவருணியாறு கடலொடு கலக்கும் இடத்தில் முற்காலத்தே சிறந்து விளங்கிய பட்டினம் கொற்கை. ஆறு கொணர்ந்த மண் ஆண்டுதோறும் படிந்தமையால் கடல் அகன்று சென்றது. கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கின்றது. பாண்டியர்க்கு முத்துத் தந்த துறை அதுவே. முத்தினால் ஒரு வழக்கின் உண்மை வெளிப்பட்ட வரலாற்றைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவ்வரலாற்றைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். எனினும், அதனைக் காப்பியமாகப் படித்தவர் பலர். வழக்காகப் படித்தவர் சிலரே. ஈண்டு வழக்காகவே படிப்போம்.

கோவலன் விற்கக் கொண்டுசென்ற சிலம்பு கோப்பெருந்தேவியின் சிலம்பே என்று பொற்கொல்லன் ஒருவன் பாண்டியனிடம் கூறினான். கூறியவனே தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன். அரசன் குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்துக் கேட்டானல்லன். சாட்டியவனைக் குறுக்கே வினவினானல்லன். சிலம்பைக் கண்ணாற் கண்டானுமல்லன். கள்வன் கையில் அச்சிலம்பு இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று காவலரை ஏவினான். காவலர் கோவலனைக் கண்டபொழுது, இவன் கொலைத்தண்டத்துக்கு உரியவன் போலத் தோன்றவில்லையே என்று ஐயுற்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று விரித்துரைத்து அவர் வாயை அடைத்தான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்பொழுதே கல்வியறிவில்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

இங்கே கருதத் தக்கது ஒன்று உண்டு. காவலர்க்கு ஐயம் பிறந்தது. அவ்வையத்தை எழுதிவைக்க ஓர் ஏடு இல்லை. எழுதியிருப்பின் அது மீண்டும் அரசன் முன் சென்றிருக்கும். ஒரு நாழிகை தாழ்ந்திருக்கும். அவ்வொரு நாழிகை கோவலனுக்குப் போதும். பின்னர்க் கண்ணகி அரசவைக்கு வந்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் மனைச் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். கைப்பற்றிய சிலம்பு கொணர்ந்து வைக்கப்பட்டது, அவள் உடைத்தாள், தெறித்தது மாணிக்கம். இரு திறத்தார் கூற்றையும் முதலிற் பெற்று, அதன்பின் சான்றுப்பொருளை இருவர் முன்னிலையிலும் திறந்து காணும் இம்முறை இன்றைய நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும் முறையே. ஆயின் அஃது ஒரு நாள் பிந்தி நடந்தது.

அதனோடும் முடியவில்லை. அரசன் இறந்தபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்கிறது அந்நூல். ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரவர் உயிர் போயிற்று. மதுரையில் விசாரணையின்றி ஒருவன் இறந்தான். அதற்குக் கழுவாயாகக் கொற்கையில் விசாரணையின்றி ஆயிரவர் இறந்தனர். உரையாசிரியர்கள் இதனை எவ்வாறு கொள்ளினும், வழக்கு நோக்கில் இரண்டாவது முதலாவதினும் பெரும்பிழை என்றே கூறுவேன்.

அக்காலத்துக் குற்றவாளிகள் இக்கரையில் என்ன ஆயினர் என்பதற்கு வெளிநாட்டார் குறிப்பு ஒன்றும் கிடைக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடற் செலவு நூல், பாண்டிநாட்டுக் கொற்கையில் முத்துக்குளிப்புத் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. மூச்சை அடக்கி ஆழ்கடலுள் இறங்குவதே அவர்க்குச் சிறை.

இனி, வழக்கு நடத்தும் முறை, வழக்கேட்டைக் காக்கும் முறை, குற்றம் நிகழ்வதன் காரணம், தண்டனையின் பயன் ஆகியவற்றைத் தனியொரு கல்வியாகக் கற்பிக்கும் வழக்கம் நம் நாட்டில் அண்மைக் காலத்திலேயே தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியற் கல்வி 1965ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1990இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், குற்றநீதியியல் துறை உள்ளது. தூத்துக்குடிக் கடற்கரை மாணவர்க்கு அது பேருந்தேறிச் சென்று வரும் தொலைவே. சட்டக் கல்லூரியில் பயின்று வழக்கறிஞராதல் ஒரு வழி. இக்கல்வி பிறிதொரு வழி. நீதிமன்ற எழுத்தர், சிறைத்துறையினர், நன்னடத்தை அலுவலர், காவல்துறையினர், குழந்தைகள் காப்பு அலுவலர் ஆகியோர்க்கு வேண்டும் அறிவை அஃது அளிக்கின்றது.

அண்மைக் காலத்தது என்றேன். எனினும் மன்றத்தில் அமர்வோன் கற்றிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம் பக்கத்துக்குப் புதியதன்று. திருநெல்வேலிக்கு அண்மையில் உள்ள மானூரில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சபையில் இருந்து பேசுவோர் குறித்த நூற்பயிற்சியும் நல்லொழுக்கமும் உடையராதல் வேண்டும் என்றும், எக்கருத்துக் கூறினும் அன்று அன்று என்று தடுத்துக்கொண்டே இருப்போர் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. இத்தண்டத்தை இன்றைய அவைகளில் விதித்தால் கருவூலம் நிரம்பும். ஆனால் அக்கல்வி ஒரு சாராரின் உடைமையாகவே இருந்தது. இன்று பரதவர் மகளும் உப்பளத் தொழிலாளி மகனும் அவ்வறிவை விரும்பிக் கற்கலாம். வேறுபாடு சிறிதன்று.

குற்றவியல் வகுப்பில் மாணவர் கேட்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று, ஒரு பெரும்பிழையின் வரலாறு. இத்தாலி நாட்டு மருத்துவர் சீசர் லொம்புரோசோ என்பவர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்றும், அவன் முகத்திலும் மண்டையோட்டிலும் அதற்குரிய அடையாளங்கள் காணப்படும் என்றும் எழுதினார். இங்கிலாந்தில் சார்லசு கோரிங் என்னும் மருத்துவர் சிறைப்பட்டோர் பல்லாயிரவரை அளந்து ஆராய்ந்து, அத்தகைய தனி உடற்கூறு எதுவும் இல்லை என்று 1913இல் காட்டினார். கோவலன் முகத்தைப் பார்த்து இவன் கள்வன் அல்லன் என்று எண்ணிய காவலரை நாம் புகழ்கின்றோம். மாணவர் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும். முகம் பார்த்து ஒருவனை விடுவிக்கலாமென்றால், முகம் பார்த்து ஒருவனைத் தண்டிக்கவும் செய்யலாமன்றோ? அவ்வாறே நிகழ்ந்தும் இருக்கின்றது. முகத்துக்கு மாறாகக் குலத்தைப் பார்த்தனர், அவ்வளவே வேற்றுமை. ஆங்கில அரசு 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. பிறந்த குலமே குற்றமாயிற்று. எண்ணிறந்தோர் காவல் நிலையத்தில் கைரேகை பதித்து வாழ நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கியது.

நீதிமன்றம் என்றவுடன் உயர்ந்த மேடையும் கரிய அங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. மேடைக்குக் கீழே நடப்பதே அலுவற் கல்விக்கு உரிய பொருள். அங்குள்ளோர் பெயர்களையே பாருங்கள். சிரஸ்தார் என்பது பாரசீகச் சொல். நூலின் தலைப்பைப் பிடித்திருப்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். கட்டிவைத்த ஏடுகளின் கயிறு எவர் கையிலோ அவரே சிரஸ்தார். நீதிமன்றக் கட்டளையை ஊருக்குள் கொண்டுசெல்லும் அமீனாவின் பெயர் நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள்படும். வழக்கைத் தள்ளிவைக்கும் நாளை மக்கள் வாய்தா என்பர்; அஃது அரபு மொழியில் வாக்குறுதி என்னும் பொருளுடையது. பல ஆண்டுகள் வாய்தா வாங்கி அலைந்தவர்க்கு இச்சொல்லின் பொருளைச் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

ஒரு வழக்கு நடந்து செல்லும் வழியைச் சுருங்கக் கூறுவோம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியப்படுகின்றது. அதன் படி முறையிட்டவர்க்கு விலையின்றி வழங்கப்படுதல் வேண்டும். மூலம் காலம் தாழாது நீதித்துறை நடுவரைச் சேர்தல் வேண்டும். அது நடுவர் கைக்கு வந்த நாளும் நேரமும் அதன்மேல் குறிக்கப்படும். இக்குறிப்பு ஒரு சிறு வரிதான். ஆனால் இரவு எட்டு மணிக்குப் பதிந்ததாகச் சொல்லப்படும் அறிக்கை மறுநாள் மாலையில் நடுவரிடம் வந்திருப்பின், இடையில் என்ன நடந்தது என்று எதிரியின் வழக்கறிஞர் கேட்பார். கைப்பற்றிய பொருளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அப்பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்கு எந்த நாளில் மாறியது என்னும் தொடர் அறுபடலாகாது. அறுபட்டால், உடைக்கும்பொழுது தெறிப்பது மாணிக்கமா முத்தா என்பதைக் கொண்டு எதனையும் முடிவுசெய்ய இயலாது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றும் நிகழ்ச்சியை ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்தல் வேண்டும் என்று விதித்துள்ளது.

முறை என்பது எத்துணை எளியதாகவும் வலியதாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு முத்துச் சலாபமே நல்ல எடுத்துக்காட்டு. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில், மறிச்சுக்கட்டி என்னும் மணற்கரையில் சலாபக் காலந்தோறும் ஒரு நகரம் எழும். அங்கே நீதிமன்றமும் சிறைச்சாலையும் மருத்துவமனையும் அஞ்சலகமும் ஓலைக் கூரையின் கீழ்த் தோன்றும். சலாபம் முடிந்ததும் மறையும். தூத்துக்குடி, கீழக்கரை முதலிய ஊர்களின் குளியாட்கள் அங்குச் சென்றனர். படகு கரைசேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டு எனப்படும் அடைப்பினுள் கொண்டுசென்று மூன்று குவியலாக்குதல் குளியாட்களின் கடமை. அவற்றுள் இரண்டனை அரசுக்கென்று தெரிந்தெடுத்தல் அலுவலரின் உரிமை. எஞ்சியது குளியாட்களுக்கு. எக்குவியல் தமக்கு எஞ்சும் என்று அறியாமையால் அவர்கள் மூன்றையும் ஒப்பவே பிரித்தனர். காவலன் தடியெடுத்து நிற்கவேண்டியதில்லை. பிரிப்பவன் ஒருவன், தெரிந்தெடுப்பவன் மற்றொருவன் என்னும் ஏற்பாடே நேர்மையைக் காத்தது. பிடித்தவரே விசாரித்து, விசாரித்தவரே தண்டித்தல் கூடாது என்னும் விதியின் உட்கருத்தும் இதுவேயாகும். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றுவிட்டது.

மேல்முறையீடு என்பதனை நாம் பலகால் கேட்டிருக்கின்றோம். மேல் நீதிமன்றம் பொதுவாகச் சாட்சிகளை மீண்டும் அழைப்பதில்லை. கீழ் நீதிமன்றத்து ஏட்டையே படிக்கின்றது. ஆதலின் எழுத்தர் எழுதாது விட்ட சொல், மேல் நீதிமன்றத்துக்கு நிகழாத சொல்லே. இதனைத் தம் வாழ்விலேயே கண்டவர் வ.உ. சிதம்பரனார். 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர் வழக்கறிஞர் தேர்வில் தேறி, முதலில் ஒட்டப்பிடாரத்திலும் 1900 முதல் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். குற்ற வழக்குகளில் எளியோர்க்காக வாதாடிய அவரே 1908இல் எதிரிக் கூண்டில் நின்றார். திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவர்க்கு ஒன்றன்பின் ஒன்றாக இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். சென்னை உயர்நீதிமன்றம் அதே ஏட்டைப் படித்து அதனை ஆறாண்டாகக் குறைத்தது. அரசும் அதே, சட்டமும் அதே, ஏடும் அதே. படித்த கண் வேறு. விடுதலைக்குப் பின்னர், பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமம் அவர்க்கு மீண்டும் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்நன்றியை மறவாது சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மை வருத்திய ஆட்சியின் நீதித்துறையிலும் நேரியவர் ஒருவரைப் பிரித்தறிந்து போற்றிய பெருமை எண்ணத் தக்கது.

அவர் பெயரைத் தாங்கிய துறைமுகத்துக்கு ஒரு நூற்றாண்டின்பின் விந்தையான வழக்கொன்று வந்து சேர்ந்தது. 2013 அக்டோபரில் சீமன் கார்டு ஓஹியோ என்னும் கப்பல் தூத்துக்குடிக் கடலில் பிடிபட்டது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காப்பதற்காக ஆயுதம் தாங்கிய காவலர் அதில் இருந்தனர். இங்கிலாந்து, எஸ்தோனியா, உக்ரைன், இந்தியா ஆகிய நாட்டினராக 35 பேர் சிறைப்பட்டனர். இந்திய ஆட்சிக் கடல் கரையினின்று 12 கடல் மைல், அஃதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை பரந்தது. கப்பல் அவ்வெல்லைக்குள் நின்றதா, நின்றதாயின் எதனால், ஆயுதங்களுக்குரிய ஆவணங்கள் எவை என்பன வினாக்கள். உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் வரை சென்று மீண்ட அவ்வழக்கில், 2016 சனவரியில் தூத்துக்குடி அமர்வு நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. இடையில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. விடுதலைத் தீர்ப்பு எழுதும் கை அவ்வாண்டுகளைத் திருப்பித் தருதல் இயலாது. வழக்கை விரைந்து கேட்டல் என்பது ஏதோ அலுவலக வசதி என்று கருதுவோர் அந்த 35 குடும்பங்களை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இனிக் கூறப்போவது மாணவர்க்குச் சொல்லக் கூடாத செய்தி என்று சிலர் கருதலாம். யான் அவ்வாறு கருதவில்லை. 2020 சூன் 19ஆம் நாள், இம்மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், ஊரடங்கு நேரத்துக்குமேல் கடையைத் திறந்துவைத்தனர் என்னும் குற்றச்சாட்டின்மேல் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுநாள் அவர்களைச் சிறையிலடைக்க ஆணை பெறப்பட்டது. கோவிற்பட்டிக் கிளைச்சிறையில் வைக்கப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகன் இறந்தார். 23ஆம் நாள் காலை தந்தை இறந்தார். மதுரைக் கிளை எவரும் மனுச் செய்யுமுன் தானாகவே இதனை வழக்காக எடுத்தது. கோவிற்பட்டி நீதித்துறை நடுவர் நேரிற் சென்று விசாரித்தார். காவல் நிலையத்துக் கண்காணிப்புக் கருவியில் படங்கள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். ஏடு இருந்தது, எழுத்து இல்லை. ஆனால் அந்நிலையத்திலேயே பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அஞ்சியவாறே எனினும், தாம் கண்டதை நடுவரிடம் சொன்னார். சிலம்புக் கதையிற் காவலர் வாய்க்குள்ளேயே அடங்கிப்போன ஐயம் இங்கே எழுத்தாயிற்று. காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்குமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அத்துறை காவலர் ஒன்பதின்மர்மேல் குற்றப்பத்திரிகை அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கருவி பொருத்தவும் படங்களைப் பதினெட்டுத் திங்கள் காத்துவைக்கவும் ஆணையிட்டது.

கைது செய்யப்பட்ட எவரையும், வழிச்செலவு நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துதல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. நிறுத்துதல் என்பது தாளை நீட்டுதல் அன்று. நடுவர் அவரைக் கண்டு, அடிபட்டதுண்டா, உறவினர்க்குச் செய்தி போயிற்றா, வழக்கறிஞர் வேண்டுமா என்று வினவுதற்கே அவ்விதி. பொருளில்லார்க்கு வழக்கறிஞரை அரசே அளிக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, காவலில் இருப்போர் அனைவரும் அதற்குரியர். கைது செய்யும்பொழுதே கைதுக் குறிப்பு எழுதி, அதில் உறவினரோ ஊரார் ஒருவரோ சான்றாகக் கையொப்பமிடுதல் வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் வகுத்தது. சாத்தான்குளத்து இரவு இவ்விதிகள் அனைத்தும் நூலில் இருந்த காலத்திலேயே நிகழ்ந்தது. ஆகவே இக்கல்வியின் பெரும்பகுதி விதிகளைக் கற்பதன்று. விதி ஒவ்வொன்றும் எந்தக் கையில், எந்த மணியில், எந்தப் பக்கத்தில் நழுவுகின்றது என்று காணப் பழகுதலேயாகும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதிதலும் தீர்ப்பு எழுதுதலும் தமிழில் நிகழ்வதற்கு 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவகுத்தது. கடலோரச் சாட்சி ஒருவர் வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயரால் திசையையும் பருவத்தையும் குறிப்பார். பார் என்று அவர் சொல்வது கடலடிப் பாறைத் திட்டு. இச்சொற்களை அறியாத எழுத்தர், காற்றென்றும் கல்லென்றும் எழுதிவைத்தால், படகு நின்ற இடமே மாறிவிடும். தமிழ் கற்றவர்க்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்று கேட்போர்க்கு இதனையே விடையாகக் கூறுவதுண்டு.

குற்ற விசாரணை திறந்த மன்றத்தில் நடைபெறுதல் வேண்டும் என்பது சட்டம். சிலவகை வழக்குகளே அடைத்த அறையில் நடைபெறும். ஆதலின் மாணவரும் ஆசிரியர் துணையோடு சென்று அமைதியாக அமர்ந்து காணலாம். தூத்துக்குடி, கோவிற்பட்டி, திருச்செந்தூர், திருவைகுண்டம், சாத்தான்குளம் ஆகிய ஊர்களில் நீதிமன்றங்கள் உள்ளன. நீதிபதி வருமுன் சென்றுவிடுங்கள். சுவரில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் எண்ணும் ஆண்டும் இருக்கும். பட்டியலில் மிகப் பழைய ஆண்டு எது என்று முதலிற் பாருங்கள். பின்னர் நீதிபதியின் மேசைக்குக் கீழே அமர்ந்திருக்கும் எழுத்தரின் கையைப் பாருங்கள். கட்டை அவிழ்த்து, தாளைத் திருப்பி, நாளைக் குறித்து, மீண்டும் கட்டுவார். சற்று நேரத்தில் டவாலி வாயிலில் நின்று ஒருவர் பெயரை மும்முறை உரத்து அழைப்பார். கூட்டத்தின் கடைசியில் இருந்து, துண்டைத் தோளினின்று எடுத்துக்கொண்டு, ஒருவர் எழுந்து வருவார்.